வெள்ளை மணல் ஒட்டிய அறுகம்புல்

எங்கள் வயலின் தெற்கு வரம்பில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. மற்ற வரம்புகளைப் போகத்துக்குப் போகம் செதுக்கிச் சேறு பூசுவார்கள். தெற்கு வரம்பை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். அதில் அறுகம்புல் தடித்துப் படர்ந்து கிடக்கும். வயலில் குடிசை போட்டுத் தங்கி வேலை செய்யும் முல்லைக்காரர்கள், புல் நெல்லுக்குள் இறங்குகிறது என்று முறையிடுவார்கள்.

"இறங்கினதப் புடுங்கு. மேல கிடக்கிறது புள்ளையார்ட புல்லு" என்பார் வாப்பா.

ஒரு நேரத் தொழுகையைக் கூடத் தவறவிடாத மனிதர் அவர். பிள்ளையார் கோயில் வாசலில் ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் அந்த வரம்பு விஷயத்தில் அவரோடு ஒருவரும் வாதாட முடியாது.

புல்லைப் பறிக்க வருகிறவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒரு பெண். கல்முனைச் சந்தையைத் தாண்டினால் பாண்டிருப்பு வந்துவிடும். அங்கே ஒரு சிறிய பிள்ளையார் கோயில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, பெயரை எழுதப் போவதில்லை. மற்றத் தெய்வங்களுக்குப் பூப்போல, பிள்ளையாருக்கு அறுகம்புல். காலைப் பூசைக்கு அறுகு மாலை கட்டிக் கொடுப்பது அந்தப் பெண்ணுடைய குடிக்கு உரிய ஊழியம். அது தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அவருக்கு அவருடைய தாயிடமிருந்து வந்தது. அவருக்குப் பிறகு அவருடைய ஒரே மகளுக்குப் போக வேண்டியது.

இதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் கரையோரத்து முஸ்லிம்களுக்கும் குடி உண்டு, அதுவும் தாய்வழிதான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு தலைவராக ஒரு மரைக்கார் இருப்பார். ஒரு குடிக்குரிய இடம் போனால் என்ன போகும் என்பது எங்களுக்கும் தெரியும்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். அவரோ எங்கள் ஆண்களை வயது பாராமல் காக்கா, அதாவது அண்ணன், என்பார். புருஷன் இல்லை. வாய் மட்டும் நன்றாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போவேன். எங்கள் ஊரில் அதை வட்டை என்போம். அக்கா ஏற்கனவே ஓலைப் பெட்டியோடு வரம்பில் குனிந்திருப்பார்.

"காக்கா, படிச்ச ஆக்களெல்லாம் வட்டைக்குள்ள இறங்கினா மழை வரும் போல கிடக்கே."

"ஏன்கா, நீங்க மட்டும்தான் இறங்கலாமா?"

"நான் புள்ளையாருக்காக இறங்கிறன். நீங்க ஆருக்காக? பொஞ்சாதிக்குப் பயத்திலயா?"

முல்லைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் பதில் தேடுவதற்குள் அவர் அடுத்த பிடிக்குப் போயிருப்பார். வரம்பின் முதுகில் ஆட்கள் நடப்பார்கள், மாடு ஏறும். அதனால் தண்ணீர்ப் பக்கச் சரிவில் உள்ள புல்லைத்தான் எடுப்பார். கால் பட்டதும் வாய் பட்டதும் ஆகாது. நுனியில் மூன்று இலை விரிந்ததாகப் பார்த்துக் கிள்ளுவார்.

ஆவணி மாதத்தில் பிள்ளையார் சதுர்த்தி வரும். அன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கா எங்கள் வீட்டு வேலி வாசலுக்கு, கடப்படிக்கு, வந்து நிற்பார். வாழையிலையில் சுற்றிய கொழுக்கட்டைகள் கையில் இருக்கும். சாமிக்குப் படைத்ததை நாங்கள் தின்ன மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவித்து இறக்கியவுடன், ஒன்றையும் கோயிலுக்கு எடுக்கும் முன், எங்களுடையதைத் தனியே வைத்துவிடுவார். தரும்போது ஒவ்வொரு வருடமும் அதே வார்த்தை:

"படைக்க முன்ன எடுத்தது, காக்கா. பயப்பிடாமத் தின்னுங்க."

வாப்பா வாங்கி, பிஸ்மி சொல்லி, முதல் கொழுக்கட்டையை அந்த இடத்திலேயே தின்பார். அக்கா அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வாப்பா மௌத்தானார். கடற்கரைப் பக்கத்து மையவாடியில் அடக்கினோம். வயல் என் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில்தான் களைநாசினி எங்கள் வட்டைக்குள் பரவலாக வந்தது. எண்ணெய் என்று சொல்வோம். முதுகில் மெசினைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நடந்தால், பத்துப் பேர் குனிந்து செய்த வேலை முடிந்துவிடும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? இரண்டு மூன்று போகம் தெற்கு வரம்பை விட்டுவைத்தேன். ஒரு பெரும்போகத்தில், விதைப்புக்கு முன், அதற்கும் அடிக்கச் சொன்னேன்.

மூத்த முல்லைக்காரர் மெசினை இறக்கி வைத்தார்.

"வாப்பா அதத் தொட வேணாமெண்டு சொன்ன, தம்பி."

"வாப்பாட காலத்தில எண்ணெய் இரிக்கல்ல."

"எண்ணெய் இரிக்கல்ல. புள்ளையார் இரிந்தார்தானே."

"அடிங்க" என்றேன்.

கோயில்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மதத்தை நினைத்தும் செய்யவில்லை. நான்கு வரம்பும் ஒரேமாதிரி வெறுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அக்காவின் நினைவு வந்தது. வேறு எங்கேயாவது பறித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். சில நாட்களில் தெற்கு வரம்பு வைக்கோல் நிறமாகிவிட்டது.

கார்த்திகையில் பெருமழை பிடித்தது. பிள்ளையார் பெருங்கதை தொடங்கும் காலம் அது. அந்த நாட்களில் கோயிலில் தினமும் கதை படிப்பார்கள். அறுகு வழமையைவிட அதிகம் வேண்டும். அதுவரை வீட்டடிப் புல்லிலேயே சமாளித்திருந்த அக்கா, வட்டையைப் பார்த்துவிட்டு, சாக்கால் தலையை மூடிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இதென்ன காக்கா, உங்கட வரம்புக்குக் காமாலை வந்திரிக்கு?"

எண்ணெய் அடித்ததைச் சொன்னேன். அவர் பகிடியை நிறுத்திவிட்டார்.

"மற்றப் பக்கமெல்லாம் வெள்ளம். கிடக்கிற வரம்பையும் செதுக்கிப்போட்டானுகள். உங்கட வரம்பு இரிக்கிதானே எண்டு நான் ஒரு இடமும் பார்த்து வைக்கல்ல. இப்ப எங்க போற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்கு விடிய வாங்க. நான் எடுத்துத் தாறன்" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை முழுக்க யோசித்தும் ஓர் இடம் நினைவுக்கு வரவில்லை. ஜும்ஆ முடிந்து மையவாடிக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவின் கபுறடியில் நின்று ஓதுவது வழமை. உம்மா ஊதுபத்தி தந்து அனுப்புவார். அதைக் கொளுத்தித் தலைமாட்டில் குத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் புல்லைப் பார்த்தேன். ஊரெல்லாம் வெள்ளமாய்க் கிடக்க, அந்த வெள்ளை மணல் மேடு மட்டும் தண்ணீர் தங்காமல் இருந்தது. மாடு ஆடு போகாத இடம். ஆட்களும் ஒதுங்கித்தான் நடப்பார்கள். அறுகு முழங்கால் அளவுக்கு மெத்தையாக வளர்ந்து நின்றது. வாப்பாவின் கபுறைச் சுற்றித்தான் அதிகம்.

வீட்டுக்குப் போய்க் கத்தியும் உரப்பையும் எடுத்துக்கொண்டு அசர் தொழுகைக்கு முன் திரும்பி வந்தேன். தூறலில் ஒருவரும் இல்லை. வெட்டினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பாண்டிருப்புப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் நான். பிணம் கிடக்கும் மண்ணில் முளைத்த எதுவும் சாமிக்கு ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்திலும் கபுறின்மேல் உள்ள பச்சையைப் பிடுங்கக் கூடாது. அது காயும்வரை அல்லாஹ்வைத் துதிக்கிறது, உள்ளே இருப்பவருக்கு அது இலேசு என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்ததே வாப்பாதான். இரண்டும் தெரிந்திருந்தும், புல் புல்தானே, ஒரு தாவரம்தானே என்று எனக்குள் வகுப்பெடுத்துக்கொண்டு வெட்டினேன். மழை கூடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பல பிடிகள் வேரோடு வந்தன.

காலையில் அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தார்.

"இது புல்லா காக்கா, பட்டு! எங்க புடுங்கின?"

"ஒரு மேட்டு வளவுல."

"நல்ல வளவு. அந்த வளவுக்காரன் நல்லா இரிக்கட்டும்."

அந்த வாரத்தில் இன்னொரு தடவையும் வெட்டிக் கொடுத்தேன்.

சில நாட்கள் கழித்து, பாடசாலையில் இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பாண்டிருப்பிலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர், என் கூட்டாளி, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"கேட்டயா மச்சான், எங்கட கோயில்ல ஒரு கூத்து. அந்தப் புல்லுக்கார மனிசி சுடலையில புடுங்கின புல்லக் கொண்டந்து புள்ளையாருக்குக் கட்டிக் குடுத்திரிக்கு."

"சுடலையிலயா? ஆர் கண்ட?"

"ஆர் காணணும்? ஐயர் மாலையக் கையில எடுத்தா வேரில வெள்ள மணல். வட்டைக்குள்ள ஏது வெள்ள மணல்? உள்ளுக்க பார்த்தா எரிஞ்ச ஊதுபத்திக் குச்சி ஒண்டு. வரம்பில ஆர் மச்சான் ஊதுபத்தி கொளுத்திற, தவளைக்கா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சிரிப்புத்தான்.

பாண்டிருப்புச் சுடலையும் கடற்கரை மணலில்தான் இருந்தது. மழைக்குச் சோம்பல்பட்டு, பக்கத்தில் கிடைத்த இடத்தில் பறித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

"மனிசி என்ன சொல்லிச்சாம்?" என்று கேட்டேன்.

"வாயத் திறக்கல்ல. கடற்கரைப் பக்கம் ஒரு மேட்டில எண்டு மட்டும் சொல்லிச்சு. ஆரும் கொண்டந்து தந்தாங்களா எண்டு வண்ணக்கர் தனியக் கூப்பிட்டுக் கேட்டாராம். ஒருத்தருமில்ல, நான்தான் எண்டு நிண்டுட்டுது."

வண்ணக்கர் என்பவர் கோயிலை நிர்வகிப்பவர். அவர் முன்னிலையில் தீர்ப்பாகிவிட்டதாம். கும்பம் வைத்துச் சுத்தி செய்து, ஊழியத்தை அதே குடியில் வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அக்காவுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை.

மணி அடித்தது. அன்று என் பாடம் ஒளித்தொகுப்பு. பச்சை இலை வெயிலை எப்படி உணவாக்குகிறது என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று, உண்மையான காரணம் இன்னொன்று. எங்கள் ஊருக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே அப்போதே சரியில்லை. சந்தையில் சாமான் நிறுக்கும்போது கூட இரண்டு பக்கமும் வார்த்தையை அளந்துதான் கதைத்தோம். ஒரு முஸ்லிம் மையவாடிப் புல்லைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குச் சாத்த வைத்தான் என்ற கதை வெளியே போனால், அது என்னோடு நிற்காது. வீடுகள் எரியும். இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இது பொய்யும் இல்லை.

ஆனால் அந்த மாதங்களில் எங்கள் குடியின் மரைக்கார் நோயில் கிடந்தார். அடுத்து யார் என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் அடிபட்டது. படித்தவன், இன்னாருடைய மகன். கபுறடியில் புல் வெட்டிச் சிலைக்குக் கொடுத்தவன் என்று தெரிந்தால், அந்தக் கதை அன்றோடு முடிந்திருக்கும். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் பெயரைத்தான் காப்பாற்றினேன்.

தை மாதத்தில் ஒருநாள், வட்டையிலிருந்து வரும் வழியில் அக்கா எதிரே வந்தார். கையில் ஓலைப் பெட்டி இல்லை. சைக்கிளை நிறுத்தினேன். சுகம் விசாரித்தார், உம்மாவை விசாரித்தார். பிறகு கேட்டார்:

"காக்கா, ஒண்டு கேக்கன். அந்தப் புல்லு எங்க புடுங்கின?"

சுற்றிலும் யாரும் இல்லை. நெல்லுக்கு மேல் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"மாமாட தென்னந்தோட்டத்தில, அக்கா. கோமாரிப் பக்கம்."

கோமாரி எங்கே, கல்முனை எங்கே. அந்த மழையில் அவ்வளவு தூரம் போய் ஒரு பை புல் வெட்டி வந்தேன் என்று சொல்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம். அங்கயும் வெள்ள மணல்தானே" என்றார். "வெயில் ஏறுது, போங்க காக்கா."

அந்த வருடமே நான் மரைக்காரானேன். பள்ளிவாசலில் லெப்பை துஆ ஓதினார், எல்லோரும் பால் குடித்தோம், உம்மா அழுதார். அக்கா தன் குடியின் இடத்தை இழந்த கையோடு நான் என் குடியின் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது இதை இப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

பிறகு வந்த வருடங்களை எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சில நாட்கள் பாதை திறந்திருக்கும், சில நாட்கள் மூடியிருக்கும். நான் கதையை மறைத்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. வேறு காரணங்களால் எரிய வேண்டியது எரிந்தது.

தெற்கு வரம்புக்கு எண்ணெய் அடிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு போகத்தில் அறுகு பழையபடி மூடிவிட்டது. பறிக்க யாரும் வரவில்லை. ஊழியத்தை வாங்கிய வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் புல்லை எருமை தின்றது.

அக்கா கல்முனைச் சந்தையில் கீரை விற்கத் தொடங்கினார். மீன் கடைகளுக்குப் போகும் திருப்பத்தில் ஒரு சாக்கை விரித்து, வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கையிலை என்று பிடிபிடியாகக் கட்டி வைத்திருப்பார். மகளுக்குச் சம்மாந்துறைப் பக்கத்துக் கிராமமொன்றில் கலியாணமாகிவிட்டது. அக்கா இருக்கும் திருப்பத்தைத் தாண்டாமல் மீன் வாங்க முடியாது. நான் போனால் கூப்பிடுவார்.

"மரைக்கார் வாறார், வழி விடுங்க. காக்கா, வல்லாரை கொண்டு போங்க. ஞாபகசக்திக்கு நல்லம்."

இது பகிடியா குத்தலா என்று நான் ஆராயவில்லை. வாங்கிக்கொண்டு போவேன்.

ஆவணிச் சதுர்த்திக்குப் பாதை திறந்திருந்த வருடங்களில், கொழுக்கட்டையும் வந்தது. ஊழியம் போய்விட்டாலும் வீட்டில் அவித்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைக்க யாரும் தடையில்லை. கடப்படியில் நின்று, "படைக்க முன்ன எடுத்தது, காக்கா. பயப்பிடாமத் தின்னுங்க" என்பார். நான் வாங்கி மனைவியிடம் கொடுப்பேன். பிள்ளைகள் தின்பார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்பேன். சதுர்த்திக்குச் சதுர்த்தி வயிறு சரியில்லாமல் போகிறதே என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

எண்பதுகளின் முடிவில், வண்ணக்கர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று என் கூட்டாளி சொன்னார். அவர் போய்விட்டால் கோயில் தரப்பில் சொல்வதற்கு ஆளில்லை என்று பயம் வந்தது. பாதை திறந்திருந்த ஒரு காலை நேரத்தில் பாண்டிருப்புக்குப் போனேன். அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மகள் தேநீர் கொண்டுவர உள்ளே போனதும் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும் தம்பி" என்றார்.

"எப்ப?"

"அடுத்த கிழமையே. எங்கட சுடலை அந்த மழைக்கு வெள்ளத்துக்க கிடந்த. அங்க புல்லு எங்கால? மணல் மேடு எண்டா உங்கட மையவாடிதான். நீங்க உரப்பையோட வந்ததக் கண்ட ஆளும் இரிந்தான். வாயப் பொத்து எண்டு அனுப்பினன்."

"அப்ப ஏன் அந்த மனிசியிர ஊழியத்த எடுத்த?"

"எடுக்காட்டி, ஆர் குடுத்த எண்டு ஊர் தேடியிரிக்கும். ஒண்டில் அவ, இல்லாட்டி ரெண்டூரும். நான் அவவத் தெரிவு செஞ்சன்." சால்வையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டார். "அவவும் அதத்தான் தெரிவு செஞ்சா. உங்கட பேர் வாயில வரல்லியே."

இப்போது திருப்பிக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"குடுத்த வீட்ட இரிந்து பறிக்கலாமா? அவங்க என்ன பிழை செஞ்ச? தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது."

குடித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சைக்கிளில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். ஆறுதலாக இல்லை. வண்ணக்கருக்கும் கண்ட ஆளுக்கும் தெரிந்திருந்தது, அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு இரகசியத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகச் சந்தைக்குப் போனேன். அக்கா முருங்கையிலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் புல்லு..."

"எந்தப் புல்லு? வல்லாரையா, பொன்னாங்கண்ணியா?"

"அறுகம்புல்லு. வாப்பாட கபுறடியில வெட்டினது."

அவர் வாழை நாரை இறுக்கி முடிச்சுப் போட்டார். கட்டைக் கீழே வைத்தார்.

"தென்னந்தோட்டம் எண்டீங்க."

"பொய்."

"ஓம்."

அடுத்த பிடியைக் கையில் எடுத்தார். என்னைப் பார்க்காமல், கீரையோடு கதைப்பதுபோல் சொன்னார்:

"கழுவக்குள்ளயே ஒரு குச்சியக் கண்டன், காக்கா. ஊதுபத்திக் குச்சி. இதெங்கால வந்த எண்டு யோசிச்சன். பிறகு, காக்கா தந்த புல்லு, அந்த வாப்பாட மகன் தந்த புல்லு, பிழையா இரிக்காது எண்டு குச்சிய எறிஞ்சுபோட்டுக் கட்டினன். உள்ளுக்க ரெண்டாவது ஒண்டு இரிந்தது எனக்குத் தெரியா."

அந்தப் பிடியையும் கட்டிச் சாக்கின்மேல் வைத்தார்.

"அண்டைக்கு ஒரு சொல்லு சொல்லியிருந்தா வாய்க்கால்ல கொட்டியிருப்பன். நாலு நாளைக்குப் பூ மட்டும் கட்டியிருப்பன். புள்ளையார் என்ன, புல்லு இல்லாட்டி அழவா போறார்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காக்கா. ஆக்கள் சாமான் வாங்க வரட்டும்."

தள்ளி நின்றேன். ஒரு பெண் வந்து முருங்கையிலை கேட்டார். அக்கா அவரோடு விலை கதைக்கத் தொடங்கினார். அவர் போனதும் இன்னொருவர் வந்தார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ஆவணிச் சதுர்த்தி. இந்த முறை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் விடிந்ததும் கடப்படியில் நின்று காத்திருந்தேன். வெயில் ஏறி, வழமையைவிட நன்றாக நேரம் போய்த்தான் அக்கா வந்தார். கையில் வாழையிலைச் சுற்று. நெற்றியில் ஈரம் காயாத விபூதி.

சுற்றை என் கையில் வைத்தார். நான் அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை. "உம்மாவக் கேட்டதெண்டு சொல்லுங்க" என்றார். திரும்பி நடந்தார்.

மறந்துவிட்டாரா, வேண்டுமென்று சொல்லாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார் என்பது மட்டும் தெரிந்தது. கூப்பிட்டு, அக்கா, இது படைக்க முன் எடுத்ததுதானா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் என்னிடம் கேட்டபோது இரண்டு தடவை பொய் சொன்னவன் நான்.

மனைவி உள்ளேயிருந்து வந்து இலையை விரித்தாள். "படைக்காததுதானே? கேட்டீங்களா?"

"கேக்கல்ல."

"கேக்காம எப்படிப் புள்ளைகளுக்குக் குடுக்கிற?"

"புள்ளைகளுக்குக் குடுக்காத. நீயும் தின்னாத."

நான் ஒன்றை எடுத்து, பிஸ்மி சொல்லி, வாப்பா நின்ற இடத்தில் நின்று கடித்தேன். உள்ளே தேங்காயும் பயறும் சர்க்கரையும் இன்னும் சூடாக இருந்தன. மனைவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மரைக்கார் திங்கிற சாமானா இது?"

"தெரியா" என்றேன். இரண்டாவதையும் எடுத்தேன்.